ஆமையை விலக்கும் இரும்புக் கொழு

அலையும் ஆறும் ஓயாமல் கொண்டுவந்து சேர்க்கும் மணலையும் வண்டலையும் அவ்வப்போது அகற்றாவிடில், எத்தனை பெரிய துறைமுகமாயினும் அதன் கால்வாய் ஆழம் குன்றிக் கப்பல்கள் தரைதட்ட நேரும். இப்பணிக்கென அமைந்த தூர்வாரும் கப்பல், தன் விலாப்புறத்திலிருந்து நீண்ட குழாயைக் கடலடிக்கு இறக்கி, அதன் நுனியிலுள்ள கனத்த இரும்பு முகப்பைத் தரையோடு இழுத்துச் சென்றவாறே, சேற்றையும் நீரையும் ஒருங்கே உறிஞ்சித் தன் வயிற்றில் நிரப்பிக்கொள்கிறது.

அம்முகப்புக்கு மண்ணென்றும் உயிரென்றும் பேதம் தெரியாது. அமெரிக்காவின் ஃபிளாரிடாவில், கேனவரல் துறைமுகக் கால்வாயின் அடிச்சேற்றில் பெருந்தலை ஆமைகள் உடலைப் பாதி புதைத்துக்கொண்டு அசையாது கிடப்பதுண்டு. 1980-இல் அங்கே தூர்வாரியபோது பல பத்து ஆமைகள் குழாய்க்கு இரையாயின. இரும்பு நெருங்கினால் பிராணி தானே விலகிக்கொள்ளும் என்று நம்பியிருப்பது எவ்வளவு பேதைமை!

அழிவை எதிர்நோக்கும் உயிரினங்களைக் காக்கும் 1973-ஆம் ஆண்டுச் சட்டம் அந்நாட்டில் அமலில் இருந்தமையால், கால்வாய்களைப் பராமரிக்கும் ராணுவப் பொறியாளர் படை, கடல் மீன்வளத் துறையோடு கலந்து பரிகாரம் தேட வேண்டியதாயிற்று. பல சோதனைகளுக்குப் பின் உருவான சாதனம் நம் உழவர் எவரும் பார்த்தவுடன் புரிந்துகொள்ளக்கூடியது: முகப்பின் முன்னே, கலப்பைக் கொழுவைப்போல் கூம்பிய ஓர் இரும்புத் தடுப்பு. அது சற்றே மண்ணில் அமிழ்ந்து, தனக்கு முன்னால் மணலைத் திரட்டித் தள்ளிச்செல்ல, அம்மணலே ஆமையையும் ஒருபுறமாக ஒதுக்கிவிடுகிறது. நம் கடலோர மக்கள் பங்குனி ஆமை என்றழைக்கும் இனம் பெருந்திரளாய் முட்டையிட வரும் ஒடிசாவின் கஹிர்மாதாவுக்கு அருகே, தாம்ரா துறைமுகத்துக்காகத் தூர்வாரிய கப்பல்களிலும் இத்தகைய தடுப்பு பொருத்தப்பட்டது.

கருவி மட்டும் போதாது. முகப்பு தரையைவிட்டு மேலெழும் கணத்தில் அதன் வாய் திறந்த நீரில் தடையின்றி இழுக்குமாதலால், அது தரையில் படிந்திருக்கும்போதன்றிப் பம்பை இயக்கலாகாது என்பது விதி. ஜார்ஜியா முதலிய கரைகளில், நீர் குளிர்ந்து ஆமைகள் விலகிச்செல்லும் குளிர்காலத்துக்கே இவ்வேலையை ஒதுக்கும் ஏற்பாடும் வந்தது.

இவை யாவற்றினும் நான் மதிப்பது கப்பலில் பயணம் செய்யும் உயிரியல் பார்வையாளரையே. குழாய் கொட்டுமிடத்தில் அமைந்த இரும்பு வலைக்கூடையில் இறங்கி, சிப்பியும் கல்லும் கயிற்றுத் துண்டும் கலந்த சேற்றை அவர் கையால் கிளறிப் பார்க்கிறார். உள்ளங்கையளவு ஓட்டுத் துண்டு அகப்பட்டாலும் அதைப் பதிவு செய்கிறார். அப்பதிவுகள் அனுமதித்த எண்ணிக்கையைத் தாண்டுமாயின், பொறியாளர்கள் மீண்டும் மீன்வளத் துறையின் முன் ஆலோசனைக்கு வந்தாக வேண்டும்.