கொடி காத்த குடும்பங்கள்

பிரஞ்சு நாட்டுத் திராட்சை மதுவைப் பற்றிய கட்டுரை என்றவுடன் அன்பர்கள் சிலர் புருவம் நெரிக்கக்கூடும். கள்ளும் சாராயமும் வீடுகளை வீதிக்குக் கொணர்ந்த கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். குடும்பத்தையும் அதனைக் கெடுக்கும் பழக்கத்தையும் 'குடி' என்னும் ஒரே சொல்லால் குறிக்கும் மொழி நம்முடையது. ஆகவே ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: குடிப்பழக்கத்துக்குப் பரிந்து பேசுவது நம் நோக்கமன்று. ஒரு கொடியையும் ஒரு துண்டு நிலத்தையும் பத்துத் தலைமுறை, பன்னிரண்டு தலைமுறை கைவிடாமல் பற்றி நின்ற குடும்பங்களின் வரலாறே நாம் சொல்லப் புகுவது. பிறந்த மண்ணை விட்டுப் பிழைப்பின் பொருட்டுத் தொலைவில் வந்து தங்கியிருக்கும் நம் போன்றோர் எண்ணிப் பார்க்க வேண்டியவை அவ்வரலாற்றில் பல உள.

மேலைநாட்டுத் திராட்சை மது தமிழருக்கு முற்றிலும் புதியதும் அன்று. யவனர் நல்ல கலங்களில் கொணர்ந்த தேறலைப் புறநானூறு குறிப்பிடுகிறது. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945-ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழ்வாய்வில், மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து மது வந்த இரு கைப்பிடிச் சாடிகளின் உடைந்த ஓடுகள் கிடைத்தன. வணிகர் விட்டுச்சென்ற அந்த ஓடுகளை அருங்காட்சியகத்தில் காணலாம். நாம் காணப்போவதோ, இன்றும் உயிரோடு தளிர்க்கும் தோட்டங்களை.

சுவைப்பவர் விழுங்குவதில்லை

திராட்சை மதுவின் தரம் காண்பதை ஒரு தனிக் கலையாகவே பிரஞ்சு மக்கள் வளர்த்துள்ளனர். தரம் காண்பவர் முதலில் கண்ணால் நோக்குவார். வாய் குறுகிய கண்ணாடிக் கிண்ணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மிகாமல் ஊற்றி, வெள்ளைத் துணியின் எதிரே சாய்த்துப் பிடிப்பார். சிவப்பு மதுவாயின், இளமையில் ஊதா கலந்த நிறமும், வயது ஏற ஏறச் செங்கல் நிறமும் விளிம்பில் தோன்றும். பின்னர்க் கிண்ணத்தைச் சுழற்றி மணம் காண்பார். நாவறியும் சுவைகள் சிலவே. மூக்கறியும் மணங்களோ எண்ணிலடங்கா. ஆதலின் இக்கலையின் பெரும்பகுதி மூக்கின் வேலையே. இறுதியில் ஒரு மிடறு வாயில் கொண்டு, நா முழுதும் பரவவிட்டு, சிறிது காற்றையும் உள்ளிழுத்து, பின் அதனை உமிழ்ந்துவிடுவார். ஒரு காலையில் பல பத்து வகைகளைத் தரம் பிரிக்க வேண்டியவர் ஒவ்வொன்றையும் விழுங்கினால், பத்தாவது வகைக்குள் மதியிழந்துவிடுவார் அல்லவா? சுவைப்போரில் தேர்ந்தவர் விழுங்காதவரே என்பது நம் வாசகர்க்கு வியப்பாக இருக்கும்.

இங்கே நம் மொழியின் வளம் ஒன்றையும் சொல்லாமல் இருக்க இயலவில்லை. சிவப்புத் திராட்சையின் தோலிலும் விதையிலும் உள்ள ஒரு சத்து, நாவை உலர்த்திச் சற்றே இறுக்கிப் பிடிக்கும். மேலைநாட்டார் தம் சுவைப் பட்டியலில் இதற்கு இடமளிப்பதில்லை. நாவின் தொடு உணர்வு என்றே கணக்கிடுவர். பாக்கையும் வாழைப்பூவையும் கடுக்காயையும் அறிந்த நாமோ, 'துவர்ப்பு' என்று பெயரிட்டு அதனை அறுசுவையுள் ஒன்றாகவே வைத்துவிட்டோம்.

ஊரே பெயர்

இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுத்தராக இருந்து, புறப்பட்ட நிலையம் எது, அனுப்பியவர் யார் என்று நாள்தோறும் சரக்குச் சீட்டுகளைச் சரிபார்க்கும் நமக்கு, பிரஞ்சு மதுக்குப்பியின் மேல் ஒட்டிய சீட்டு தனியொரு ஆர்வத்தைத் தருகிறது. பெரும்பாலான சீட்டுகளில் திராட்சையின் இனப்பெயரைக் காண இயலாது. ஊரின் பெயரும், அறுவடை ஆண்டும், தோட்டத்துக்காரரின் பெயருமே இருக்கும். தோட்டத்திலேயே குப்பியில் அடைக்கப்பட்டதாயின் அதுவும் குறிக்கப்பட்டிருக்கும்.

இதன் காரணத்தைப் பர்கண்டி வட்டாரத்தில் தெளிவாகக் காணலாம். டிழோன் நகருக்குத் தெற்கே நீளும் மலைச்சரிவில் சிவப்பு மதுவுக்குப் பினோ நுவார், வெள்ளை மதுவுக்கு ஷார்டொனே என இரு இனங்களே பெரிதும் பயிராகின்றன. இனம் ஒன்றே, ஆயினும் வரப்புக்கு வரப்பு சுவை மாறுகிறது. மண்ணின் ஆழம், சுண்ணாம்புக் கல்லின் அளவு, சரிவின் சாய்வு, காலை வெயில் படும் திசை ஆகிய எல்லாம் கூடி அவ்வேறுபாட்டை விளைக்கின்றன. இவ்வாறு தனித்தனியே பெயரும் எல்லையும் பெற்ற 1,247 நிலத்துண்டுகள் அங்கே உள. அவற்றை 2015-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

துறவியரிடமிருந்து உழவர்க்கு

இந்நிலத்துண்டுகளை இனம் கண்டவர்களுள் முதன்மையானோர் கிறிஸ்தவத் துறவியர். 1098-ஆம் ஆண்டில் தோன்றிய சித்தோ மடத்தார், குளோ த வூழோ என்னும் தோட்டத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்து மதில் எழுப்பினர். ஏறத்தாழ 50 எக்டேர் பரப்புடைய அத்தோட்டம் பிரஞ்சுப் புரட்சியின்போது பறிமுதல் செய்யப்பட்டு ஏலத்தில் விற்கப்பட்டது. நூறாண்டு ஒரே பிடியாக நின்று 1889-ஆம் ஆண்டில் பிரிந்தது. இன்று அந்த ஒரே மதிலுக்குள் ஏறத்தாழ 80 உடைமையாளர் உளர். சிலர்க்குச் சில வரிசைக் கொடிகளே சொந்தம்.

பிரஞ்சு நாட்டு நிலங்கள் இங்ஙனம் துண்டுபடப் பெருங்காரணம் 1804-ஆம் ஆண்டில் நெப்போலியன் இயற்றுவித்த உரிமையியல் சட்டம். மூத்தவனுக்கே எல்லாம் என்னும் பழைய முறைக்கு அங்கே இடமில்லை. ஆணாயினும் பெண்ணாயினும் மக்கள் அனைவரும் சம உரிமையுடையர். ஒரே பிள்ளையாயின் சொத்தில் பாதியும், இருவராயின் மூன்றில் இரண்டு பங்கும், மூவரோ மேற்பட்டோரோ ஆயின் நான்கில் மூன்று பங்கும் மக்களுக்கென்றே ஒதுக்கப்படல் வேண்டும். தந்தை உயில் எழுதியும் அதனை மாற்ற இயலாது. இச்சட்டம் தமிழரையும் தொட்டதுண்டு. 1881-ஆம் ஆண்டு ஆணையின்படி தம் மரபுச் சட்டத்தைத் துறந்த புதுச்சேரித் தமிழர், இதே பிரஞ்சு உரிமையியல் சட்டத்துக்கு உட்பட்டனர்.

சட்டம் நீதியானதே, ஆனால் அதன் விளைவை எண்ணிப் பாருங்கள். நான்கு மக்களில் ஒருவன் தோட்டத்திலேயே தங்கிப் பனியிலும் வெயிலிலும் கொடி நறுக்குகிறான். மற்ற மூவரும் பாரிஸ் முதலிய நகரங்களுக்குப் பணிக்குச் சென்றுவிடுகின்றனர். தந்தை மறைந்ததும் பங்கு நால்வருக்கும். தங்கியவன் மற்ற மூவரின் பங்குக்கும் விலை கொடுத்தாலன்றித் தோட்டம் நிலைக்காது. இக்கணக்கைப் படிக்கும் நம்மில் எத்தனை பேர், ஊரில் தம்பி உழ, பட்டாவில் மட்டும் பெயர் வைத்திருக்கும் நகரவாசிகள்! நாம் அக்கதையில் தங்கியவன் அல்லோம். போன மூவருள் ஒருவரே.

பிரஞ்சுக் குடும்பங்கள் இச்சிக்கலைத் தீர்க்க வழிகள் கண்டன. 1970-ஆம் ஆண்டில் வந்த ஒரு சட்டம், நிலத்தைத் துண்டாக்காது, குடும்பத்தார் கூட்டாக வைத்துப் பங்குரிமையாகப் பிரித்துக்கொள்ள இடமளித்தது. பிரிவது காகிதமே, வரப்பு பிரிவதில்லை. வெளியூரில் இருப்பவர் பங்குக்கு உரியவராய் இருக்க, தங்கியவர் குத்தகை செலுத்தித் தோட்டத்தை நடத்துவார். திருமண உறவால் நிலம் கூடியதும் உண்டு. ஷாம்பெயின் வட்டாரத்தில் கணவன் குடும்பப் பெயரும் மனைவி குடும்பப் பெயரும் இணைந்து ஒரே சீட்டில் நிற்பதைப் பரவலாகக் காணலாம்.

கைம்பெண் ஒருத்தியின் உறுதி

ஷாம்பெயின் என்றதும் ஓர் அம்மையாரை நினையாதிருத்தல் தகாது. 1777-ஆம் ஆண்டில் பிறந்த பார்ப் நிக்கோல் போன்சார்தன், தம் 27-ஆம் வயதில், 1805-ஆம் ஆண்டில் கணவரை இழந்தார். வணிகத்தை மூடிவிடாது தாமே பொறுப்பேற்றார். நுரைக்கும் மதுவில் தங்கும் மண்டியை நீக்குவது அந்நாளில் பெருந்தொல்லை. குப்பிகளைத் துளையிட்ட மேசையில் தலைகீழாக நிறுத்தி, நாள்தோறும் சிறிது திருப்பி, மண்டியைக் கழுத்துப் பகுதியில் சேர்க்கும் முறையை அவரது நிலவறையிலே 1816-ஆம் ஆண்டளவில் கண்டனர். 'கிளிக்கோ கைம்பெண்' என்பதே இன்றும் அம்மதுவின் பெயர். நிறுவனம் மட்டும் பெரும் வணிகக் கூட்டொன்றின் கைக்குச் சென்றுவிட்டது.

அல்சாஸ் வட்டாரத்தில் வேறொரு வகை உறுதியைக் காண்கிறோம். டிரிம்பாக் குடும்பத்தார் 1626 முதலும், ரிக்வீர் ஊரின் யூகெல் குடும்பத்தார் 1639 முதலும் இத்தொழிலில் உளர். அவ்வட்டாரம் 1871-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் வசமாயிற்று. 1918-ல் பிரான்சுக்குத் திரும்பியது. 1940-ல் மீண்டும் ஜெர்மானியர் கைப்பட்டு, போர் முடிவில் மறுபடி பிரான்சோடு சேர்ந்தது. வீட்டை விட்டு நகராமலே நாடு நான்கு முறை மாறியது. கொடி மட்டும் அதே சரிவில் நின்றது.

இருப்புப்பாதையும் அமெரிக்கப் பூச்சியும்

1850-களில் இருப்புப்பாதை பாரிஸையும் மத்தியதரைக் கடற்கரையையும் இணைத்தது. தென்னாட்டு மலிவு மது பீப்பாய் பீப்பாயாக வண்டியேறிப் பாரிஸின் பெர்சி கிடங்குகளுக்கு வந்து குவிந்தது. தலைநகரைச் சூழ்ந்திருந்த பழைய திராட்சைத் தோட்டங்கள் போட்டியிட மாட்டாது அழிந்தன. நாம் பணிபுரியும் இருப்புப்பாதை ஓரூரை வாழவைத்து மற்றோரூரைத் தாழவைக்கவும் வல்லது என்பதற்கு இது சான்று.

அதன்பின் வந்தது பெருங்கேடு. அமெரிக்காவிலிருந்து வந்த செடிகளோடு, வேரை உறிஞ்சும் நுண்ணிய பூச்சி ஒன்றும் வந்து சேர்ந்தது. 1860-களில் தெற்கே தோன்றிய அழிவின் காரணத்தை, மோன்பெலியே நகரப் பேராசிரியர் பிளான்ஷோன் முதலியோர் 1868-ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். மருந்துகள் பயன்தரவில்லை. அப்பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேரின் மேல் பிரஞ்சுக் கொடியை ஒட்டுக் கட்டியதே வழியாயிற்று. இன்று பிரான்சின் திராட்சைக் கொடிகளுள் மிகப் பெரும்பாலானவை அந்நிய வேரில் நின்று சொந்தக் கனி தருபவையே. வேரூன்றிய மண் ஒன்றாகவும் மொழி வேறாகவும் வாழும் நம் வீட்டுக் குழந்தைகளை இது நினைவூட்டவில்லையா?

தட்டுப்பாடு நேர்ந்த காலத்தில் போலி மது பெருகிற்று; தட்டுப்பாடு நீங்கியபின் விலை சரிந்தது. 1907-ஆம் ஆண்டு ஜூன் மாதம் மோன்பெலியே நகரில் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் திரண்டு முறையிட்டனர். நார்போன் நகரில் படையினர் சுட்டதில் உயிர்கள் மாண்டன. ஊர்ப் பெயரைக் காக்கும் சட்டம் 1935-ஆம் ஆண்டில் முழு வடிவம் பெற்றது. இன்ன எல்லைக்குள், இன்ன இனத்தை, எக்டேருக்கு இன்ன அளவுக்கு மிகாமல் விளைவித்தவரே அவ்வூர்ப் பெயரைச் சீட்டில் இடலாம். மனிதன் ஊர் விட்டு ஊர் போகலாம். ஊரின் பெயர் மட்டும் போகலாகாது என்பது அச்சட்டத்தின் கருத்து.

இன்றைய இடர்

இத்தனையும் கடந்த குடும்பங்களை இன்று நெருக்குபவை மூன்று. முதலாவது வானிலை. போன் என்னும் நகரில் அறுவடை நாட்களின் பதிவு 1354-ஆம் ஆண்டு முதல் உளது. 1988 முதல் 2018 வரையிலான காலத்தில் அறுவடை முன்னைய நூற்றாண்டுகளினும் ஏறத்தாழ 13 நாள் முந்திவிட்டது என அப்பதிவு காட்டுகிறது. தளிரும் முந்தி வருதலால் பின்பனிக்கு இரையாகிறது. 2021 ஏப்ரலில் தளிரைக் காக்க உழவர் இரவெல்லாம் தோட்டங்களில் நெருப்பு மூட்டி நின்றும் பெருஞ்சேதம் விளைந்தது.

இரண்டாவது, பிரஞ்சு மக்களே மதுவைக் குறைத்துவிட்டனர். 1960-ஆம் ஆண்டளவில் ஆளொருவர்க்கு ஆண்டுக்கு 100 லிட்டருக்கு மேல் இருந்தது இன்று பாதிக்கும் கீழே போயிற்று. உடல்நலத்துக்கு இது நன்றே. ஆயின் போர்தோ முதலிய இடங்களில் சிறு உழவர் அரசின் உதவித்தொகை பெற்றுத் தம் கொடிகளைத் தாமே பிடுங்க நேர்ந்துள்ளது.

மூன்றாவது, வியப்பாக, நிலத்தின் விலையேற்றம். 7.5 எக்டேர் அளவுள்ள குளோ த தார் தோட்டம் 1141 முதல் புரட்சி வரை கன்னியர் மடத்துக்கும், பின்னர் ஒரு குடும்பத்துக்கும், 1932 முதல் மொம்மெசான் குடும்பத்துக்கும் உரியதாயிருந்தது. ஏறத்தாழ 900 ஆண்டுகளில் மூவரே உடைமையாளர். 2017-ஆம் ஆண்டில் அது பெருஞ்செல்வர் பிரான்சுவா பினோவின் நிறுவனத்துக்கு விலையாயிற்று. நிலம் பொன்னாக மாறும்போது மரபுரிமை வரியும் உடன்பிறந்தார் பங்கும் உழவன் தாங்கும் எல்லையைக் கடந்துவிடுகின்றன. வறுமையில் விற்காத குடும்பமும் விலையேற்றத்தில் விற்க நேர்கிறது.

ஆயினும் நிலத்தை விற்காது ஈந்தோரும் உளர். போன் நகரில் 1443-ஆம் ஆண்டில் நிக்கோலா ரோலன் ஏழைகட்கு ஒரு மருத்துவமனை நிறுவினார். பின்வந்த குடும்பங்கள் அதற்குத் தோட்டங்களைத் தானமாக எழுதிவைத்தன. அத்தோட்டத்து மது 1859 முதல் ஆண்டுதோறும் நவம்பரில் ஏலம் விடப்பட்டு வருகிறது. வருவாய் மருத்துவ அறத்துக்கே செல்கிறது.

நட்ட திராட்சைக் கொடி மூன்றாம் நான்காம் ஆண்டில் பயன்தரத் தொடங்கும். ஆனால் செறிந்த சுவையுள்ள கனிக்கு முப்பது, நாற்பது ஆண்டு செல்ல வேண்டும் என்பர். நடுபவர்க்கு அஃது எட்டுவது அரிது, பெயரனுக்கே எட்டும். பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்று நம் முன்னோர் சொன்னதும் இதுவே. வைத்தவரை நினைப்பதற்கு உண்பவர் கடமைப்பட்டவர். ஊரில் தங்கி நம் பங்கையும் சேர்த்து உழும் உடன்பிறந்தார்க்கு அடுத்த பாகப்பிரிவினைப் பேச்சில் நாம் எதனைக் கேட்பது, எதனை விடுவது என்பதை, அன்பர்கள் தத்தம் இல்லங்களில் அமைதியாக அமர்ந்து எண்ணிப் பார்ப்பார்களாக.