சுட்டவனை மன்னித்த போலீஸ்காரர்

சாலை விபத்தில் சிதைந்த உடல், தீயில் கருகிய வீடு, அடிபட்டுக் கிடக்கும் குழந்தை. நம்மில் பலர் வாழ்நாளில் பார்க்காத காட்சிகளைப் பார்ப்பது போலீஸ்காரரின் அன்றாட வேலை. வீட்டுக்கு வந்ததும் சீருடையைக் கழற்றி மாட்டிவிடலாம். கண்ட காட்சியை எங்கே மாட்டுவது?

தூக்கம் கெடும். சிறு சத்தத்துக்கும் உடல் திடுக்கிடும். பிள்ளைகளிடம் காரணமின்றி எரிந்து விழத் தோன்றும். பழைய காட்சி திரும்பத் திரும்பக் கண்முன் வரும். இவை ஒரு மாதத்தைத் தாண்டியும் நீடித்தால், பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சலாக இருக்கலாம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இதைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது 1980இல்தான்.

நம் வீடுகளில் இத்தகைய நேரத்தில் முதலில் எழும் பேச்சு, "கண்ணு பட்டிருக்கும், கோயிலுக்குப் போய் ஓர் அர்ச்சனை செய்துவிட்டு வா" என்பதுதான். அதில் தவறில்லை. ஆனால், அத்துடன் நின்றுவிடலாமா?

நியூயார்க் போலீஸ்காரர் ஸ்டீவன் மெக்டொனால்டின் வாழ்க்கை இதற்கு விடை சொல்கிறது. 1986 ஜூலை 12ஆம் தேதி, சென்ட்ரல் பார்க் பூங்காவில் சில சிறுவர்களை நிறுத்தி விசாரித்தார். அவர்களில் 15 வயதுச் சிறுவன் ஒருவன் துப்பாக்கியை எடுத்துச் சுட்டான். அதன்பின் கழுத்துக்குக் கீழே மெக்டொனால்டின் உடல் அசையவே இல்லை. மூச்சு விடவும் சுவாசக் கருவி வேண்டியிருந்தது. அப்போது அவருக்கு வயது 29. திருமணமாகி ஓராண்டுகூட ஆகவில்லை. மனைவி கர்ப்பமாக இருந்தார்.

மகன் பிறந்தான். 1987 மார்ச்சில் அவனுக்கு ஞானஸ்நானம் நடந்த நாளில், சுட்டவனை மன்னிப்பதாகக் கணவர் சொன்னதை மனைவி ஊரறிய வாசித்தார். கத்தோலிக்க நம்பிக்கையில் ஊறிய மெக்டொனால்ட், பின்னர் சிறையிலிருந்த அந்த இளைஞனுக்குக் கடிதமும் எழுதினார். மன்னித்துவிட்டதால் கோபமே வராமல் போய்விடவில்லை, அது அவ்வப்போது தலைதூக்கும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. பழிவாங்கும் எண்ணம், குண்டைவிடக் கொடியது என்பது அவர் கருத்து. சக்கர நாற்காலியிலேயே பள்ளிகளுக்கும் வட அயர்லாந்துக்கும் போய் அதைப் பேசினார். 2017இல் காலமானார். அவருடைய மகனும் நியூயார்க் போலீசில் சேர்ந்தார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பிரார்த்தனை செய்தவர் சுவாசக் கருவியைக் கழற்றி வைக்கவில்லை. மருத்துவர், தாதியர், மனைவி, சக போலீஸ்காரர் என எல்லாருடைய துணையும் அவருக்குத் தேவைப்பட்டது. எதற்காக வாழ வேண்டும் என்பதை நம்பிக்கை சொன்னது; உயிரோடு இருக்கும் வழியை மருத்துவம் தந்தது.

மனக்காயத்துக்கும் இதே கணக்குதான். இதற்கென்றே பேச்சுச் சிகிச்சைகள் உள்ளன; உலகச் சுகாதார நிறுவனமும் அவற்றைப் பரிந்துரைக்கிறது. கோயிலும் தேவாலயமும் பள்ளிவாசலும் மனத்துக்கு அமைதியும் பக்கத்தில் ஆளும் தரும். ஆனால் "எல்லாம் உன் கர்மா", "சாமி கும்பிட்டால் சரியாகிவிடும்" என்று வாயை அடைத்தால், அதே நம்பிக்கை பாரமாகிவிடும். "மன்னித்துவிடு" என்று நெருக்குவதும் கூடாது. மன்னிப்பு, அவரவர் மனத்தில் பழுக்க வேண்டிய கனி.

உங்கள் வீட்டிலும் சீருடை அணிபவர் இருக்கலாம். அவர் மௌனமாகிவிட்டால், "என்ன நடந்தது?" என்று துருவாதீர்கள். "நான் இருக்கேன், டாக்டரைப் பார்க்கவும் கூட வரேன்" என்று சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகலாம். திங்கட்கிழமை மனநல ஆலோசகரையும் பார்க்கலாம்.

மலேசியாவில் பிஃபிரெண்டர்ஸ் அமைப்பை 03-76272929 என்ற எண்ணிலும், சுகாதார அமைச்சின் 'ஹீல்' சேவையை 15555 என்ற எண்ணிலும் அழைக்கலாம். சிங்கப்பூரில் எஸ்.ஓ.எஸ். அமைப்பின் எண் 1767.