ஏணியின் எந்தப் படியில் நீர்வேலி?

உலக மகிழ்ச்சி அறிக்கை 2025இல் 147 நாடுகளில் இலங்கைக்கு 133ஆவது இடம். 2018 தொடக்கம் பின்லாந்தே முதலிடம். இந்தத் தரவரிசை முழுவதும் ஒரேயொரு கேள்வியில் நிற்கிறது. பூச்சியம் முதல் பத்து வரை படிகள் கொண்ட ஏணியை நினைத்துக்கொள்ளுங்கள். உச்சிப்படி உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த வாழ்க்கை, அடிப்படி மிக மோசமானது. இப்போது எந்தப் படியில் நிற்கிறீர்கள்? அமெரிக்க உளவியலாளர் ஹாட்லி கான்ட்ரில் 1965இல் வெளியிட்ட முறை இது. கேலப் நிறுவனம் ஒரு நாட்டில் ஆண்டுக்குச் சுமார் ஆயிரம் பேரிடம் இதைக் கேட்கிறது. மூன்றாண்டுச் சராசரியே மதிப்பெண்.

ஏணிப் படமே பணத்தையும் அதிகாரத்தையும் நினைக்கவைக்கிறது என்று 2024இல் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் தலைமையிலான ஆய்வு காட்டியது. யாழ்ப்பாணத்து ஊரான நீர்வேலியில் சிக்கல் இன்னும் ஆழமானது.

செம்மண் தறையில் வாழை வைத்திருக்கும் ஒருவரிடம் கேட்பதாக வைப்போம். குலைக்கு நல்ல விலை. கிணற்றில் தண்ணீருக்குக் குறைவில்லை. ஆனால் மகன் கனடாவில், விசா முடிவு வரவில்லை. மகளின் கலியாணம் ஒப்பேறவில்லை. தன் படியை மட்டும் தனியே பிரித்துச் சொல்ல அவருக்கு எப்படி வரும்? முன்பின் தெரியாத ஆளிடம் 'ஒன்பது' என்றால் நாவூறு பட்டுவிடும் என்ற பயம் வேறு.

யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் இதைத்தான் வற்புறுத்தினார். நம் சமூகத்தில் ஆள் குடும்பத்துக்குள்ளும் ஊருக்குள்ளும் வாழ்கிறார். அழிவையும் அப்படியே அனுபவிக்கிறார். 1995 ஒக்ரோபர் இறுதியில் போரால் நீர்வேலி உள்ளிட்ட வலிகாமமே இடம்பெயர்ந்தபோது வீடுகளோடு அயல், கோயில், பள்ளிக்கூடம் எல்லாம் கலைந்தன. அந்த இழப்பை ஆளுக்கு ஆள் கேட்டுக் கூட்டினால் விடை குறையும்.

மாற்றுவழி இருக்கிறது. இலங்கையரான உளவியலாளர் காயத்ரி பெர்னாண்டோ, துன்பத்துக்குப் பின் நன்றாக வாழ்பவர் எப்படி இருப்பார், வாழாதவர் எப்படி இருப்பார் என்று இங்குள்ள மக்களிடமே கதையாகக் கேட்டார். அவர்கள் சொன்னவற்றிலிருந்து வினாக்களை அமைத்து 2008இல் வெளியிட்டார். ஜப்பானில் ஆய்வாளர்கள் ஹிட்டோகோட்டோவும் உச்சிடாவும் சுற்றியிருப்பவர்களின் நலத்தையும் சேர்த்துக் கேட்கும் அளவுகோலை 2015இல் தந்தார்கள்.

ஏணிக் கேள்வியைத் தூக்கியெறிய வேண்டியதில்லை. ஒரே ஊரில் ஆண்டுக்காண்டு கேட்டால் 2022 பொருளாதார நெருக்கடி போன்றதொரு அடி அதில் தெரியும். பின்லாந்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்குத்தான் அது போதாது. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் வீட்டு வருமானமும் செலவும் கணக்கெடுக்கும்போது, பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள், போரில் இழந்த காணி கைக்கு வந்ததா, நல்லது கெட்டதுக்கு அயல் வந்து நிற்கிறதா என்றும் கேட்கலாம்.