ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் பில் வரவில்லையா?

ஆடித் தேரோட்டத்துக்கும் சித்திரைத் திருவிழாவுக்கும் அழகர்கோவில் வட்டாரக் கடைகளில் கூட்டம் நெரியும். அந்த நேரம் பார்த்துக் கல்லாவில் உள்ள கம்ப்யூட்டர் பில் போட மறுத்தால்? குடோன் கம்ப்யூட்டரில் அதே மென்பொருள் ஒழுங்காக ஓடுகிறது; இதில் மட்டும் பிழைச் செய்தி. "எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி ஏற்றுவோம்" என்பார்கள். அவசரப்பட வேண்டாம். கணக்கு அதிலேயே இருந்தால் அதுவும் சேர்ந்து போய்விடும்.

ஒரே மூட்டையை இரண்டு தராசில் நிறுத்து, ஒன்றில் மட்டும் எடை குறைந்தால் நாம் மூட்டையைக் குறை சொல்வதில்லை; அந்தத் தராசைத்தான் சோதிப்போம். இங்கும் அதே நியாயம்தான். நன்றாக ஓடும் கம்ப்யூட்டருக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று தேட வேண்டும்.

முதல் வேலை, கணக்கைப் பென் டிரைவில் நகல் எடுப்பது. அடுத்து, பிழைச் செய்தியை ஓர் எழுத்தும் விடாமல் குறித்துக்கொள்வது.

பிறகு தேதியையும் மணியையும் பாருங்கள். கம்ப்யூட்டரை அணைத்த பின்னும் அதன் கடிகாரத்தை ஓட்டுவது, உள்ளே காசு போல் இருக்கும் 3 வோல்ட் பேட்டரி. அது தீர்ந்தால் தேதி பல வருடம் பின்னே போய்விடும், ஜி.எஸ்.டி. இணையதளம்கூடத் திறக்க மறுக்கலாம். பேட்டரியை மாற்றி, தேதியையும் மணியையும் சரிசெய்தால் போதும்.

தேதி எழுதும் முறையையும் கவனியுங்கள். விண்டோஸ் அமெரிக்க முறையில் இருந்தால், நாம் ஏப்ரல் 5 என்று கருதி இடும் 05-04, மே 4 ஆகிவிடும். 12ம் தேதி வரை ஓடிய பில் 13ம் தேதி நின்றுபோனால் காரணம் இதுவாக இருக்கலாம். பதின்மூன்றாம் மாதம் ஏது?

தேதி சரியாக இருந்தால், அதே கம்ப்யூட்டரில் வேறு பயனர் பெயரில் நுழைந்து பாருங்கள். அதில் ஓடினால் கோளாறு பழைய பயனரின் அமைப்பில்தான். ஆன்டிவைரஸ் ஏதேனும் கோப்பைப் பிடித்து வைத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். விண்டோஸ் பதிப்பையும் ஒப்பிடுங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்துவிட்டது.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, பில் போட்டுப் பார்த்து, நோட்டில் எழுதி வையுங்கள். நான்கையும் ஒன்றாக மாற்றினால் எதனால் சரியானது என்றே தெரியாது. சர்வீஸ்காரரை அழைத்தாலும் அந்த நோட்டு அவருடைய நேரத்தையும் நமது பணத்தையும் மிச்சப்படுத்தும்.