விரால் செல்லில் பிடிபட்ட வைரஸ்

வைப்பாற்றின் குறுக்கேயுள்ள வெம்பக்கோட்டை அணையானாலும் சாத்தூர்ப் பக்கத்துக் கண்மாயானாலும், மீன்கள் கூட்டமாகச் செத்து மிதந்தால் வெயிலையோ கழிவுநீரையோதான் முதலில் சந்தேகிப்போம். பல சமயம் அந்தச் சந்தேகம் சரியாகவும் இருக்கும். வைரஸ் காரணமென்றால் விஷயம் வேறு. அது உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே பெருகும். எனவே அதைப் பிடிக்க மீனின் செல்லையே ஆய்வகத்தில் வளர்த்து வைத்திருக்க வேண்டும். துடுப்பிலிருந்தோ மண்ணீரலிலிருந்தோ சிறு துணுக்கை எடுத்து, கிருமி நீக்கிக் குடுவையின் அடியில் ஒட்டவைத்து, சத்துக் கரைசலும் கன்றின் சீரமும் ஊற்றுகிறார்கள். துணுக்கின் ஓரத்திலிருந்து செல்கள் பரவுகின்றன. அவற்றைப் பிரித்து அடுத்த குடுவைக்கு மாற்றி மாற்றி வளர்த்தால், நிலைத்துப் பெருகும் செல்வரிசை கிடைக்கிறது. 1962-இல் அமெரிக்காவில் வுல்ஃபும் குயிம்பியும் வானவில் டிரவுட் மீனில் இதைச் சாதித்தார்கள்.

கொரோனா காலத்தில் நமக்கெல்லாம் பழகிப்போன பி.சி.ஆர். பரிசோதனை சில மணி நேரத்தில் முடிவு தருகிறதே, இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கலாம். விரைவு வேண்டுமென்றால் பி.சி.ஆர்.தான், மறுக்கவில்லை. ஆனால் நாம் ஏற்கெனவே அறிந்த வைரஸின் மரபுத் தடயத்தைத்தான் அது தேடும். அந்த வைரஸ் உயிர்ப்போடு இருக்கிறதா என்பதையும் சொல்லாது. இஸ்ரேலில் ஜிலேபி மீன்கள் கொத்துக்கொத்தாகச் செத்தபோது காரணமான வைரஸ் உலகுக்கே புதிது. 2014-இல் வெளியான ஆய்வில் அதைப் பிடித்துக் காட்டியவை ஜிலேபி மீனின் மூளைச் செல்களும், விரால் மீனிலிருந்து உருவாக்கிய ஈ-11 என்ற செல்வரிசையும்தான். 2016-இல் அதன் மரபணுத் தொகுதியைப் படித்தபோது, பத்துத் துண்டுகளில் ஒன்பது அறிந்த எந்த வைரஸையும் ஒத்திருக்கவில்லை. முன்பே தெரிந்ததை மட்டும் தேடியிருந்தால் அது அகப்பட்டிருக்காது. பின்னர் அதே வைரஸ் இந்தியாவிலும் கண்டறியப்பட்டது.

இதெல்லாம் பணக்கார நாடுகளின் வேலை என்பதையும் நான் ஏற்கவில்லை. இந்தியாவின் முதல் கடல்மீன் செல்வரிசை, கொடுவா மீனின் சிறுநீரகத்திலிருந்து உருவானது. 2006-இல் அதை அறிவித்தது மேல்விஷாரம் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரியில் சாகுல் ஹமீது தலைமையில் இயங்கிய குழு. நம் வெப்பமண்டல மீன்களின் செல்களுக்கு 28 டிகிரியே போதும். எல்-15 என்ற சத்துக் கரைசலுக்குக் கரியமில வாயு செலுத்தும் இன்குபேட்டரும் தேவையில்லை. சீரம் விலை கூடியது, உண்மைதான். பலமுறை மாற்றி வளர்த்த செல் அசல் மீனைப் போலவே நடந்துகொள்ளாது என்ற ஆட்சேபமும் நியாயமானது. அதற்காகத்தான் லக்னோவின் தேசிய மீன் மரபுவளப் பணியகத்தில் செல்வரிசைகளைச் சரிபார்த்து உறையவைத்துக் காக்கிறார்கள். மீன்களுக்கான தடுப்பூசியை உருவாக்கும்போதும் செல்வரிசை உதவும். அதன் கடைசிச் சோதனை மீனில்தான் நடந்தாக வேண்டும்; ஆனால் அதற்கு முந்தைய பல படிகளில் மீன்களைக் கொல்லாமல் இருக்கலாம். செல்வரிசை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இறாலைப் பாருங்கள். 1994-இல் நம் பண்ணைகளை வெண்புள்ளி வைரஸ் தாக்கியது. ஆண்டுகள் பல கடந்தும் இறாலுக்கென எல்லோரும் நம்பிப் பயன்படுத்தும் நிலையான செல்வரிசை அமையவில்லை. அந்த வைரஸைப் பெருக்க இன்னமும் உயிருள்ள இறாலுக்கே ஊசி போடுகிறார்கள்.