கணவருக்குக் காசநோய்... மடியில் கைக்குழந்தை!

போன வருஷம் ஆடி மாதம். ஒரகடத்தில் கார் உதிரி பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் என் கணவருக்கு ஒரு மாதமாக விடாத இருமல். தூசிதான் காரணம் என்று நானும் கஷாயம் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சாயங்காலமானால் ஜுரம், உடம்பும் இளைத்துவிட்டது. சளியைப் பரிசோதித்தார்கள். காசநோய்! என் மடியிலோ எட்டு மாதக் குழந்தை.

"நீ குழந்தையைத் தூக்கிக்கிட்டு ஒங்கம்மா வீட்டுக்குப் போயிடும்மா. இவனை நான் பாத்துக்கறேன்" என்று மாமியார் அழுதார்.

அரசு மருத்துவமனையில் டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார்: "காசநோய்க்காரரை ஊருக்கு வெளியே சானடோரியத்தில் வைக்கணும்னுதான் ஒரு காலத்தில் நினைச்சாங்க. 1956-ல் சென்னை சேத்துப்பட்டு ஆராய்ச்சி மையத்தில் டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் குழுவினர் ஒரு சோதனை தொடங்கினாங்க. ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரை வீட்டில் வச்சும், மறு பகுதியினரை சானடோரியத்தில் வச்சும் ஒரு வருஷம் ஒரே மருந்தைக் கொடுத்தாங்க. சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, ஓய்வு எல்லாம் உண்டு. ஆனாலும் குணமானதில் பெரிய வித்தியாசமே இல்லை. வீட்டில் இருந்தவங்க குடும்பத்துக்கும் அதிகமாகத் தொற்றவில்லை. மருந்து ஆரம்பிக்கறதுக்கு முந்திதான் ஆபத்து அதிகம்."

அந்த முடிவு 1959-ல் வெளியாகி, உலகம் முழுவதும் சிகிச்சை முறையையே மாற்றியதாம்!

"பாப்பாவுக்குப் பிறந்ததுமே பி.சி.ஜி. ஊசி போட்டாச்சே, பயமில்லையே டாக்டர்?" என்றேன்.

"அந்த ஊசி குழந்தைகளை மூளைக்காய்ச்சல் மாதிரி கடுமையான காசநோயிலிருந்து காப்பாத்தும். ஆனா முழுக் கவசம் இல்லை. அதைக் கண்டுபிடிச்சதும் உங்க பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில்தான். 1968-ல் ஆரம்பிச்சு இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவங்களுக்கு ஊசி போட்டு, 15 வருஷம் கவனிச்சாங்க. பெரியவங்களுக்கு வர்ற நுரையீரல் காசநோயை அது தடுக்கலைன்னு தெரிஞ்சுது."

திருவள்ளூர் பக்கத்துக் கிராமத்தில் பிறந்த மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான் சின்னப் பொண்ணா இருக்கறப்போ ஜீப்புல வந்து ஊசி போட்டாங்களே, அதுவா?" என்றார். பிறகு என்னை ஊருக்குப் போகச் சொல்லவேயில்லை.

குழந்தையைப் பரிசோதித்து, நோய் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, தடுப்பு மாத்திரை கொடுத்தார்கள். அவர் முகக்கவசம் போட்டுக்கொண்டு, ஜன்னல் திறந்த தனி அறையில் படுத்தார். ஆறு மாத மருந்தும் இலவசம். இரண்டாம் மாதமே, "எனக்குத்தான் சரியாயிடுச்சே, மாத்திரை எதுக்கு?" என்றார். அங்கேதான் ஏமாறக் கூடாது, சகோதரிகளே! பாதியில் நிறுத்தினால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போய்விடும். தினமும் மாத்திரையும் தண்ணீருமாக எதிரே நின்றேன்.

சாப்பாட்டிலும் கண் வைத்தேன். ஜார்க்கண்டில் நோயாளியின் குடும்பத்துக்குச் சத்துணவு கொடுத்துப் பார்த்ததில், மற்றவர்களுக்கு நோய் வருவது ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்ததாக 2023-ல் ஆராய்ச்சியாளர்கள் அறிவித்திருக்கிறார்கள். முட்டை, பருப்பு, வேர்க்கடலை... நம் சமையலறையில் இல்லாததா?

இப்போது அவர் பூரண குணம். பாப்பா நடை பழகுகிறாள். உங்கள் வீட்டில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா? கஷாயத்தை அப்புறம் வைக்கலாம். முதலில் சளியைப் பரிசோதியுங்கள்.