யானைப் பாட்டியின் கோடை விடுமுறை

கோடை விடுமுறை வந்துவிட்டால் மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு பாட்டி வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறோம் அல்லவா? தென்னாட்டுக் காடுகளில் வசிக்கும் யானைகளும் கோடையில் பிரயாணம் கிளம்புகின்றன. ஒரே ஒரு வித்தியாசம். அங்கே பாட்டியே முன்னால் நடந்து, பெண்களையும் பேரக் குழந்தைகளையும் அழைத்து வருகிறாள். வந்து சேரும் இடம் கபினி ஆற்றங்கரை.

கபினி என்ற பெயர் உங்களுக்குப் புதிதல்ல. கபினியில் தண்ணீர் திறந்தார்கள் என்று பத்திரிகையில் படித்ததுமே மேட்டூரை நினைத்துக்கொள்கிறவர்கள் நாம். வயநாட்டு மலைகளில் பிறந்து, மைசூர்ச் சீமைக்குள் புகுந்து, திருமகூடலு நரசிபுரத்தில் காவேரியுடன் கலக்கிறது அந்த ஆறு. 1974-ல் அதன் குறுக்கே அணை எழுந்தது. தேங்கிய நீருக்கு ஒரு புறம் நாகரஹொளேக் காடு. மறுபுறம் பந்திப்பூர்க் காடு.

மைசூரிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் போனால் காராப்பூர். மகாராஜாவின் வேட்டை மாளிகை இருந்த இடத்தில் இன்று அரசாங்க விடுதி நடக்கிறது. அங்கிருந்து காலையிலும் பிற்பகலிலும் படகு புறப்படுகிறது. இரண்டு மூன்று மணி நேரப் பிரயாணந்தான். ஆனால் அதற்குள் எத்தனை காட்சிகள்!

முதலில் கண்ணில் படுபவை, தண்ணீருக்கு நடுவே நிற்கும் பட்ட மரங்கள். அணை நீரில் மூழ்கிய காட்டின் மிச்சம் அவை. கிளைக்கொன்றாக நீர்க்காகங்கள் சிறகை விரித்து உலர்த்துகின்றன. சேற்று மேட்டில் வாயைத் திறந்தபடி வெயில் காய்கிறது முதலை. கரையோரம் புள்ளிமான் கூட்டம். சற்றுத் தள்ளி, கால்களில் வெள்ளைக் காலுறை மாட்டியது போன்ற காட்டெருமைகள்.

அதோ, புல்வெளியில் கரும்பாறைகள் தெரிகின்றனவே? படகோட்டி விசையை நிறுத்துகிறார். பாறைகள் காதை ஆட்டுகின்றன!

மார்ச் முதல் மே வரை காட்டுக் குட்டைகள் வறண்டு, புல் காய்ந்துவிடுகிறது. அதே சமயம் பாசனத்துக்காக நீர் இறங்க இறங்க, அணையின் கரையில் ஈர மண் வெளிப்பட்டுப் பசும்புல் முளைக்கிறது. அதைத் தேடித்தான் நூற்றுக்கணக்கில் யானைகள் கூடுகின்றன. எங்கே தண்ணீர், எந்த வழியாகப் போகவேண்டும் என்பதெல்லாம் மூத்த பெண் யானையின் நினைவில் இருக்கிறது. பஞ்ச காலத்தில் குடும்பத்தைக் காப்பாற்றுவது அந்த ஞாபகந்தான்.

அந்தக் குடும்பத்தில் மாமியார் கிடையாது, நாத்தனாரும் கிடையாது! பெண்கள் ஆயுள் முழுவதும் பிறந்த வீட்டிலேயே இருக்கிறார்கள். பிள்ளைகள்தான் பத்துப் பதினைந்து வயதில் வெளியேறுகிறார்கள். இருபத்திரண்டு மாதம் சுமந்து பெற்ற குட்டியைத் தாய் மட்டுமா வளர்க்கிறாள்? பெரியம்மாவும் சித்தியும் அக்காவும் சுற்றி நின்று காவல் காக்கிறார்கள். குட்டிக்குத் தன் தும்பிக்கையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றே தெரியாது. மண்டியிட்டு வாயாலேயே தண்ணீர் குடிக்கிறது. அதைப் பார்த்துச் சிரிக்காத குழந்தை உண்டோ?

ஆனால் இதே கபினிக்கரை ஒரு காலத்தில் இந்தக் குடும்பங்களுக்குப் பொறியாக இருந்தது. கெத்தா என்று அதற்குப் பெயர். பறையடித்து, தீவட்டி காட்டி, மந்தையை ஆற்றில் இறக்கி, அக்கரையில் மரங்களை நட்டு அமைத்த அடைப்புக்குள் விரட்டுவார்கள். மகாராஜாவின் விருந்தினர்கள் அதைத் திருவிழாப் போல வேடிக்கை பார்ப்பார்கள். பிறகு பழகிய யானைகளைக் கொண்டு ஒவ்வொன்றாகக் கயிறு பூட்டித் தாயையும் பிள்ளையையும் பிரிப்பார்கள். 1937-ல் 'எலிபண்ட் பாய்' படத்தில் நடித்து ஹாலிவுட் வரை போன சாபு என்ற சிறுவன், 1924-ல் இந்தக் காராப்பூரில் பிறந்த மாவுத்தர் மகன். அந்தப் படத்துக்குப் பின்னணியும் இந்த மைசூர்க் காடுகளே.

சுமார் நூறு ஆண்டு நடந்த கெத்தா, 1971-ல் காக்கனகோட்டையில் கடைசியாக நடந்தது. அடுத்த ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பிறகு அணை நீர் அந்தப் பழைய கரைகளை மூடிக்கொண்டது. காட்டில் தேன் எடுத்து வாழ்ந்த ஜேனு குறும்பர்களில் பலரும் அந்த ஆண்டுகளில் தங்கள் இடத்தை விட்டுக் காட்டின் ஓரத்துக்கு வரவேண்டியதாயிற்று. யானைக்குக் கிடைத்த நிம்மதிக்கு அவர்களும் விலை கொடுத்திருக்கிறார்கள். படகில் உல்லாசமாகப் போகும் நாம் அதை மறக்கலாகாது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். யானையின் ஆயுள் அறுபது ஆண்டுக்கும் மேல் போவதுண்டு. அந்தக் கடைசிக் கெத்தாவுக்குத் தப்பிய குட்டி ஒன்று இன்றும் உயிரோடு இருந்தால், அது ஐம்பதைத் தாண்டிய பாட்டி. மனிதர் கூச்சலுக்கு ஓடிய அவள், இன்று மனிதர் படகுக்கு எதிரே பேரக் குழந்தைகளோடு நின்று புல் மேய்கிறாள்!

ஆகவே, போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பளிச்சென்ற புடவை வேண்டாம். மண் நிறமோ பச்சையோ உடுத்துங்கள். மல்லிகைச் சரத்தை விடுதியிலேயே வைத்துவிடுங்கள். நமக்கு வாசனையாக இருப்பது, யானையின் மூக்குக்கு அந்நியர் வந்த செய்தி. தின்பண்டம் எதையும் வீசாதீர்கள். குழந்தைகளுக்குப் பைனாகுலர் ஒன்றைக் கொடுத்து, கைதட்டக் கூடாது, கூவக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பாட்டி தும்பிக்கையை உயர்த்தி மோப்பம் பிடிப்பாள். அசையாமல் இருங்கள். அவள் மறுபடியும் தலை குனிந்து புல்லைப் பிடுங்கினால், உங்களை நம்பிவிட்டாள் என்று அர்த்தம்.